கடைசியாகக் கை வைத்தவன்

ஜூன் 9, திங்கள்
விடாத தூறல். பட்டறை இருக்கும் சந்தாபுரா வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகைபோல மழை. அதற்குள் அந்தச் சக்கரம் மறுபடி உருண்டது. நேற்று ரேஸில் மூன்றாவது லேப்பில் கழன்ற இடது முன்சக்கரம். காரை விட்டுப் பிரிந்து, புல்வெளி மேல், அவசரமே இல்லாமல். அழகாகத்தான் இருந்தது. எழுதவே வெட்கம்.

டிரைவர் ரோஹனுக்கு மணிக்கட்டில் கட்டு. நல்லவேளை, அவ்வளவுதான்.

செய்ய: டேட்டா இறக்க. சக்கரம் மாட்டும் ஹப், புதிது ஆர்டர். ஷூ காயவைக்க.

மாலை மீட்டிங். மேனேஜர் ரேகா மேடத்தின் விதி: பழுதான பாகத்தில் கடைசியாகக் கை வைத்தவர் முதலில் பேச வேண்டும். கத்தல், திட்டு எதுவும் கிடையாது. பேசியவர் அடுத்த ரேஸுக்குக் கிடையாது, அவ்வளவுதான். மெக்கானிக் சேகர் அண்ணன் எழுந்தார்.

"நட்டு முடுக்கனது நான்தான் மேடம்."

"தேங்க்ஸ் சேகர். அடுத்த ரேஸ் நீங்க இங்க பட்டறைல. ஆயித்து, வேற?"

'ஆயித்து' என்றால் கன்னடத்தில் 'முடிந்தது'. ஐந்தே நிமிடம். சீக்கிரம் முடியும் மீட்டிங் எனக்குப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
டீமின் டேட்டா இன்ஜினியர் நான்; மெக்கானிக்குகளுக்கான செக்லிஸ்டும் நான் எழுதுவது. நட்டை முடுக்கியதும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவது வழக்கம். கோடு இல்லையென்றால் முடுக்கவில்லை என்று யாருக்கும் தெரியும். ரேஸுக்கு முன், கோடு போடச் சொல்லும் வரியை செக்லிஸ்டிலிருந்து நீக்கியிருக்கிறேன். காரணம்: நேர விரயம். பக்கத்தில் என் பெயர்.

ஞாயிறு காலை, அண்ணன் பாதி முடுக்கும்போது டயர் பிரஷர் கேட்டுக் கூப்பிட்டதும் நான்தான். திரும்பிப் போனவர் முடித்துவிட்டதாக நினைத்திருக்கிறார்.

டீக்கடையில் அவர்.

"இன்னா குரு, மூஞ்சி பங்க்சர் ஆன மாரி கீது?"

"அண்ணா, கோடு போடுற வரிய எடுத்தது நான்."

"தெரியும்பா. பேப்பர்ல இல்ல, போடல. பதினெட்டு வருசம் போட்ட கை. அரிச்சுது."

"அன்னிக்கே சொல்றதுதானே?"

"யார்கிட்ட? காதுல ஹெட்போன மாட்டிக்கினு கீற."

கோபம் இல்லை. டீயை ஊதிக் குடித்தார். மர்பி டவுனிலிருந்து அவர் மனைவி முதல்முறை ரேஸ் பார்க்க வருவதாக இருந்ததாம், அடுத்த வாட்டி. டிக்கெட் எடுத்தாயிற்று.

ஜூன் 12, வியாழன்
வெயில். ஹப் வந்தது.

நான் காரைத் தொடுவதே இல்லை. விதிப்படி என்னால் ஒருநாளும் ஒரு கார் நின்றதில்லை. நல்ல விதி.

மதியம், விழித்தபடியே கனவு. சக்கரம் புல்லைத் தாண்டி ஓசூர் ரோடு ஏறி, சிக்னலில் நின்று, பட்டறை வாசலில் வந்து சாய்ந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

சொன்னால் எனக்கு ரேஸ் இல்லை. கார் டேட்டாவுக்காக ஆறு மாதம் எழுதிய புது புரோகிராம், அந்த ரேஸில்தான் முதல் ஓட்டம்.

ஜூன் 13, வெள்ளி
காற்று. மாலை மீட்டிங். சுவரில் அடுத்த ரேஸுக்குப் போகிறவர்கள் லிஸ்ட். எழுந்தேன்.

"மேடம், கடைசியா கை வச்சது நான்."

"நீயா? ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா?"

எல்லோரும் சிரிப்பு. லேப்டாப்பைத் திருப்பினேன். நீக்கிய வரி, என் பெயர். சிரிப்பு நின்றது. மேடம் ரொம்ப நேரம் படித்தார். பிறகு லிஸ்ட்டில் என் பெயரை அடித்து, மேலே 'சேகர்' என்று எழுதினார்.

"அந்த வரி?"

"திரும்பப் போட்டுட்டேன் மேடம்."

"ஆயித்து. வேற?"

ஜூன் 22, ஞாயிறு
மழை இல்லை. பட்டறையில் நான் மட்டும். போனில் அண்ணன் அனுப்பிய படம்: நட்டு, அதன்மேல் மஞ்சள் கோடு. கொஞ்சம் கோணல். ரேஸ் தொடங்க இன்னும் பத்து நிமிடம்.