காற்றுக்கு முதுகு காட்டிய நாரை

பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்ததும், படம் கழுவும் ஹைப்போவின் வாடை முகத்தில் அடித்தது. ஒன்பது வருஷமாக அந்தப் புளித்த வாடை இல்லாமல்தான் இருந்தேன். நன்றாகவே இருந்தேன் என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

உன் மனைவி நேற்று கொரட்டூரில் ரயிலேறி ஆவடிக்கு வந்து, குவார்ட்டர்ஸ் முழுக்க விசாரித்து, டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். "இத்த உங்க கைலதான் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரு அண்ணே" என்றார். உன் சாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. வெகுநாளாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்.

டப்பா முழுக்க வானம். பழுப்புக் காகித உறைகளில் நெகடிவ் நெகடிவாக நீ எடுத்து வைத்த வானங்கள். மேலே பென்சிலில் உன் கோணல் எழுத்து: "திருநின்றவூர் ஏரி. காலை ஏழு. வெயில் வலது." "வேப்பம்பட்டு. சாயங்காலம். வெயில் இடது, மேகம் கம்மி." ஊரில் மனிதர்கள் என்னென்னவோ சேர்க்கிறார்கள். நீ மேகம் சேர்த்தாய்.

அதற்குக் காரணமும் இருந்தது. நம் பழைய காமிராவில் தரைக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும். அதனால் ஏரியை ஒரு நெகடிவிலிருந்தும் வானத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து, ஒரே தாளில் அச்சிடக் கற்றுக்கொண்டோம். முதலில் வானம் வர வேண்டிய இடத்தை அட்டையால் மறைத்து ஏரிக்கு வெளிச்சம் கொடுப்போம். பிறகு நெகடிவை மாற்றி, ஏரியை மறைத்து வானத்துக்குக் கொடுப்போம். இரண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியாமலிருக்க அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆட்டம் உன் கைக்குத்தான் வந்தது. நம் தொழிற்சாலையின் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த கை. நான் டிராயிங் ஆபீஸ்காரன், கோடு போட்டே பழகியவன். என் அட்டை எப்போதும் கோடு போட்டுவிடும்.

நம் இருட்டறை என் குவார்ட்டர்ஸ் குளியலறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, படத்தைப் பெரிதாக்க பால்பவுடர் டின்னில் நீ செய்த என்லார்ஜரை முக்காலி மேல் வைத்து, சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் வியர்த்து வழிவோம். என் மனைவி கதவைத் தட்டுவாள்.

"உள்ள ரெண்டு பேரும் குடித்தனமா பண்றீங்க? துணி துவைக்க வாளி வேணும்."

"வாளில நாரை ஊறிகினு கீது தங்கச்சி. தலை துவட்டி அனுப்புறேன், இரு" என்பாய்.

அவள் என்னிடம் சிரித்ததைவிட உன்னிடம் சிரித்தது அதிகம். அதையும் நான் மனதில் குறித்து வைத்திருந்தேன். மனதில் குறித்து வைப்பதில் நான் கெட்டிக்காரன். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வைத் தடுத்த அதிகாரி, தங்கை கல்யாணப் பந்தியில் என்னை எழுப்பிவிட்ட சித்தப்பா என்று எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். எல்லோருக்கும் மேலே நீ இருந்தாய்.

அந்த நாரைப் படத்துக்கு மூன்று நெகடிவ். கொரட்டூர் ஏரிக்கரையில் ஆடி மாதக் காலையில் எடுத்தது ஒன்று: வெயில் வலப்பக்கம், இடப்பக்கமிருந்து வீசிய மேல்காற்றில் கோரை முழுக்க வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வானம் உன் திருநின்றவூர் வானம், மேகங்களின் வெளுத்த ஓரமும் வலப்பக்கம். இரண்டும் அப்படியே பொருந்தின. நாரைதான் சண்டித்தனம் செய்தது. அது சாயங்காலம் எடுத்தது. மரக்கட்டை மேல் இடப்பக்கம் பார்த்து நின்றது, வெயிலும் இடப்பக்கம். அப்படியே ஒட்டினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

"நெகடிவைத் திருப்பிப் போடலாம்" என்றேன். திருப்பினால் வெயில் வலப்பக்கம் வந்துவிடும்.

நீ திருப்பிப் போட்டாய். தாளில் நாரை மெல்ல மெல்லக் கறுத்து வந்தது. கழுத்தின் வெளிச்சமும் மேகத்தின் வெளிச்சமும் ஒன்றாக இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீ மட்டும் இடுக்கியோடு அப்படியே நின்றாய்.

"ஒத்து வர்ல மாமே."

"எது?"

"கோரைய பாரு. காத்து இந்தாண்டைலேர்ந்து அடிக்குது. இது அந்தாண்ட பாத்துகினு நிக்குது. நாரை காத்துக்கு முதுகு காட்டாது. காட்டுனா ரெக்கை பிரிஞ்சி பூடும், நிக்க முடியாது."

உன் அப்பாவும் தாத்தாவும் அந்த ஏரித் தண்ணீரில் பிறத்தியார் வயலுக்கு நாற்று நட்டவர்கள். நீ அந்தக் கரையில் வளர்ந்தவன். எனக்கு அது தெரியும். ஆனாலும், "பார்க்கிறவன் எவனுக்குடா ஏரி தெரியும்? வெளிச்சம் பொருந்தியிருக்கிறது, போதும்" என்றேன். நீ தோளைக் குலுக்கிவிட்டுத் தாளைக் கழுவினாய்.

பட்டணத்தில் புகைப்படச் சங்கம் ஒன்று போட்டி நடத்தியது. காட்டுயிர்ப் பிரிவுக்குப் படத்தை அனுப்பினேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: படம் ஒரே நெகடிவிலிருந்து அச்சிடப்பட்டதா? 'ஆம்' என்று எழுதினேன். கீழே என் பெயரை மட்டும் எழுதினேன். அந்தப் படிவத்தை உன்னிடம் காட்டவில்லை.

முதல் பரிசு கிடைத்தது. பட்டம் வாங்கியும் டிராயிங் ஆபீஸில் அடுத்தவன் கோட்டின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தவனை அந்த மண்டபத்தில் நாலு பேர் 'சார்' என்றார்கள். நடுவர் என் தோளில் கைபோட்டு, "எத்தனை நாள் சேற்றில் காத்திருந்தீர்கள்?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அப்போதுதான் நீ வந்தாய், ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு. படத்தின் முன்னால் நின்று, குளியலறையில் சிரிப்பது போலவே பெரிதாகச் சிரித்தாய்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மாமே! காத்து ஒரு பக்கம், நாரை ஒரு பக்கம். வெயிலுக்கோசரம் அத்த திருப்பி உட்டோம், இப்ப பாரு, முதுகு காட்டிகினு நிக்குது!"

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் அருகே போனார். பிறகு என் பக்கம் திரும்பி, மூல நெகடிவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றும்போது நான் வாசலில் இருந்தேன். நீ பின்னாலேயே ஓடி வந்து, "இன்னா மாமே ஆச்சி? நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்று கேட்டாய். உன்னோடு நான் பேசாத வருஷங்கள் அங்கே தொடங்கின.

உன் பெயரைப் போடாத பொறாமையில்தான் அதைச் செய்தாய் என்று முடிவு கட்டினேன். நீ இரண்டு முறை வீட்டு வாசல் வரைக்கும் வந்தாய். இல்லையென்று சொல்லச் சொன்னேன். உள்ளே இருந்தபடி, சொல்வதற்கிருந்தால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று சுவரிடம் கேட்டேன். உன் மனைவிக்காகத் தயாராக வைத்திருந்த பதிலும் அதுதான்.

டப்பாவின் அடியில், வானங்களுக்கெல்லாம் கீழே, ஒரு அச்சுப்படம் இருந்தது. அதே ஏரி, அதே கோரை, அதே மேகம். மரக்கட்டையில் வேறு ஒரு நாரை. வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. நாரை இடப்பக்கம் பார்த்து, காற்றுக்கு எதிராகக் கழுத்தை உள்ளிழுத்து நிற்கிறது. ஒரு இறகு கூடக் கலையவில்லை. அப்படி ஒரு காலை கிடைக்க நீ எத்தனை ஆடி மாதம் அந்தச் சேற்றில் நின்றாயோ. ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தெரியவில்லை.

பின்னால் பென்சிலில் என் பெயர். அதன் கீழே உன் பெயர். அதற்கும் கீழே: "மூணு நெகடிவ். ரெண்டு ஆளு."

மண்டபத்தில் நீ அத்தனை சத்தமாகச் சிரித்திருக்க வேண்டாம். அதை இன்றும் சொல்வேன். ஆனால் தனியாகச் சொல்லவில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. சொன்னாய். கம்பளி தொங்கிய குளியலறையில், இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் சொன்னாய்.

இன்று காலை கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போனேன். காமிரா எடுத்துப் போகவில்லை. தண்ணீரில் ஏழெட்டு நாரைகள் நின்றன. வெயில் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. முதலில் கோரையைப் பார்த்தேன்.