அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள அக்காவுக்கு,

'நலம்' என்று தொடங்கித்தான் பழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை. நீ மாநாட்டில் இருப்பதாக உன் அலுவலகத்தில் சொன்னார்கள். "கமிட்டி கூடிட்டா உங்க அக்கா தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

என் மகளை, நம்ம குட்டியை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பல வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் ஏமாற்றியிருக்கிறாள், நாடித்துடிப்பு இறங்கிவிட்டது. பதினான்கு வயதுக்கென்று வார்டே கிடையாது என்று மேடைக்கு மேடை சொல்வாயே, உண்மைதான். குழந்தைகள் வார்டில், வாத்துப் படம் ஒட்டிய சுவரோரம், கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கிடக்கிறாள். பள்ளி பெல்ட்டில் காம்பஸ் முனையால் அவளே புது ஓட்டைகள் போட்டிருக்கிறாள். தினமும் எடுத்து மாட்டுகிற என் கண்ணில் படவில்லை. "வயசு அப்படி, சரியாப் போயிடும்" என்று சொல்லிவந்த அவள் அப்பா இப்போது வராந்தாவை விட்டு நகர்வதில்லை.

நீ பாடுபட்டுக் கொண்டுவந்த ஆலோசனை அறை அவள் பள்ளியிலும் இருக்கிறது. திரைச்சீலை, இரண்டு நாற்காலி, எடை மெஷின், எல்லாம் நீ எழுதியபடி. அங்குள்ள நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள், குட்டி இரண்டு தடவை கதவைத் தட்டினாளாம். "அம்மாவைக் கூட்டிட்டு வாம்மா, ரூல் அப்படி, நான் என்ன பண்றது" என்று திருப்பி அனுப்பினாளாம். தலையாட்டிவிட்டுப் போனவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

பெற்றோர் கூட இருந்தால்தான் பிள்ளையோடு பேசலாம் என்ற அந்த விதி எப்படி வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் சங்கங்கள் ஒத்துக்கொள்ளாமல் உன் எட்டு வருட ஆராய்ச்சி முடங்கிக் கிடந்தபோது, "இந்த ஒரு வரியை விட்டுக்கொடுத்தாத்தான்டி அறைக்குக் கதவாவது வைக்க விடுவாங்க" என்று புலம்பினாய். குறைசொல்ல எழுதவில்லை. உன் இடத்தில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு ஆளில்லை, அக்கா.

டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்வதில்லை. "இதயம் தாங்கணும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். குட்டி யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று மட்டும் திரும்பி, "பெரியம்மாகிட்ட பேசணும்னாலும் நீ கூட இருக்கணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் கண்ணு என்று சொல்லி, என் போனை அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதை என் வீட்டுக்காரர் போனிலிருந்து எழுதுகிறேன். படித்ததும் எனக்குப் பதில் போடாதே. என் எண்ணுக்குக் கூப்பிடு, அவள் எடுப்பாள். என்ன சொன்னாள் என்று உன்னிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

நீ நன்றாயிரு. தாமதிக்காதே.

உன் தங்கை