போத்தலில் போட்ட கோடு

ஒக்ரோபர் 4, சனி

இவரின் அண்ணன் செபமாலை நேற்றுத்தான் பிரான்சுக்குத் திரும்பினார். கொண்டுவந்த விஸ்கியில் தான் மட்டும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, மிச்சம் எங்கள் மகள் கோயிலில் முதல்நன்மை வாங்குகிற நாள் விருந்துக்கு இருக்கட்டும் என்று எங்கள் அலுமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினெட்டு வருடம் பழசாம். குடியை விட்ட மனுசன் இருக்கிற வீட்டில் வைக்கிற சாமானா இது? இரண்டு வருடத்துக்கு முன் மடுக்கோயில் மாதாவுக்கு நேர்த்தி வைத்துத்தான் இவர் விட்டவர். இன்னொருமுறை தொட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முருங்கனுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

மகள் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூடெக்ஸை எடுத்து, விஸ்கி நிற்கிற மட்டத்தில் போத்தலில் ஒரு கோடு போட்டேன். இவருக்குச் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 6, திங்கள்

கோட்டில்தான் நிற்கிறது.

ஒக்ரோபர் 9, வியாழன்

கோட்டில் நின்றால் போதுமா? குடித்துவிட்டு வேறு எதையாவது ஊற்றி நிரப்பலாமே. பாமசியில் மருந்து கலக்குகிற எனக்கு இது கூடத் தெரியாதா? மூடியைத் திறந்து மணந்தேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். தேத்தண்ணிச் சாயம் இல்லை. வைன்! எங்கள் கலியாணப் பூசையில் பங்குக் குரு சுவாமி தந்த அதே திராட்சை இரசத்தின் ருசி. நிறமும் கொஞ்சம் சிவப்பு.

கோயிலில் பூசைக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறவர் இவர்தான். இரசம் பூட்டி வைக்கிற அலுமாரியின் திறப்பும் இவரிடம்தான். கடவுளே, பீடத்துக்குப் போறதிலயா கை வச்சவர்?

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இவர் வலை பார்க்கப் போன நேரம், இருமல் மருந்துக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். முதலில் கேக்குக்கு ஊறப்போட்ட பிளம்ஸ் மணம். பிறகு பழைய பலகை. விழுங்கியபின் நெஞ்சில் மெல்லச் சூடு. ஒருமுறையில் என்ன தெரியும்? இன்னொருமுறையும் எடுத்தேன்.

ஒக்ரோபர் 15, புதன்

தினமும் சரிபார்க்கிறேன். வைன்தான். சந்தேகமே இல்லை.

ஒக்ரோபர் 17, வெள்ளி

கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது. நான் எடுத்தது ஒரு சின்னக் கோப்பைதானே — ஒரு நாளைக்கு.

விஸ்கியைத் தொட்டீரா என்று இவரிடம் கேட்டேவிட்டேன். “நான் தொடேல்லை. மாதாவுக்குச் சொன்னனான்” என்றார். கோயில் இரசத்தை எடுத்து ஊற்றினீரா என்றும் கேட்டேன். முகம் செத்துப்போயிற்று. கோயில் திறப்பை மேசையில் வைத்து, “சுவாமியிட்டயே போய்க் கேளும்” என்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

களவெடுத்தவனும் இப்படித்தானே கோபிப்பான்? எடுக்காதவனும் இப்படித்தான். அழுகை வருகிறது.

ஒக்ரோபர் 18, சனி

சுவாமியிடம் போகும் முன் பிரான்சுக்குப் போன் எடுத்தேன். விஸ்கியில் ஏன் வைன் மணக்கிறது என்று கேட்டதும் செபமாலை சிரித்தார். “அதுக்குத்தான் பிள்ளை இவ்வளவு விலை. சும்மா பீப்பாவில பதினெட்டு வருசம் கிடந்ததைக் கடைசியா வைன் இருந்த பீப்பாவில மாத்தி வைக்கிறவங்கள்” என்றார். பிறகு, உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. திறப்பை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

இனிச் சரிபார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பீப்பாக் கதை தெரிந்தபின் ருசி எப்படி இருக்கும் என்று ஒரு கோப்பை எடுத்தேன். இன்றைக்குத்தான் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

திருப்பி வைக்கும்போதுதான் கண்டேன். என் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே, லேபலில் நீலப் பேனையால் இன்னொரு கோடு. விஸ்கி அதற்கும் கீழே நின்றது.

இவர் வாசலில் நின்றார். போத்தலைப் பார்த்தார். பிறகு, இரண்டு வருடமாக நான் அவர் கண்ணைப் பார்க்கிற மாதிரியே என் கண்ணைப் பார்த்தார்.

“வாற ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போவம்” என்றார். “இந்தமுறை நேத்தியை நீர் வையும்.”

இவர் சிரிக்கவில்லை.