பாய் கடைச் செவுரு

6.10.97
பாலுசாமி அண்ணன் ஊட்டு முன்வாசல்ல கல் பாவுற வேலை ஆரம்பம். மக பிரவீனாவுக்கு ஐப்பசியில நிச்சயம், அதுக்குள்ள முடிக்கோணுமாம். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கல்லைப் பாக்க வாராங்களா, பொண்ணைப் பாக்க வாராங்களாங்க?"ன்னேன். சிரிச்சார்.

8.10.97
எனக்குக் கோவம். தண்ணி வாட்டம் வடகிழக்கே வேணுமாம். மழைத்தண்ணி ஈசானி மூலைக்கு ஓடுனாத்தான் குடும்பத்துக்கு நல்லதுன்னு வாஸ்துக்காரர் சொன்னாராம். அந்த மூலையில ஒட்டுனாப்புல நிக்கறது கையூம் பாயோட பைண்டிங் கடைச் செவுரு. பூச்சுக்குள்ள வெறும் மண்ணு. கடைக்குள்ள அந்தச் செவுத்தோரம் ஆளுயரத்துக்குப் பள்ளிக்கூட நோட்டு அடுக்கியிருக்குது. தண்ணி நின்னா ஈரம் ஊறி ஓதம் ஏறும். நோட்டு போகும், பின்னால செவுரே போகும்.

"செவுத்தோரம் தார் சீட்டு வெச்சு, சின்னதா ஓடை உட்டு ரோட்டுக்குத் தள்ளிப்போடறேனுங்க"ன்னேன்.

"ஈசானியத்துல சாக்கடையா? ஏப்பா செங்கோடா, உனக்குக் கிறுக்கா?"

தண்ணி அங்க வரோணும், ஆனா போக வழி கூடாது. வந்த தண்ணியை நாற்காலி போட்டு உக்கார வெச்சு காப்பி குடுக்கறதுங்களான்னு கேட்டுப்போட்டேன். இந்தத் தடவை சிரிக்கல.

9.10.97
அவர் சொன்னபடியே பாவிப்போட்டேன். ஏன்? "பயமா இருந்தாச் சொல்லு, அடுத்த தெரு கொத்தன் நரசிம்மலுவைக் கூப்புட்டுக்கறேன்"ன்னார். அந்த ஒரு பேச்சுக்கு ரோசம் வந்து — முப்பது வருசம் கரணை புடிச்ச கை. தூ.

19.10.97
மழை. ராத்திரி பூரா.

20.10.97
பாய் கடைக்குப் போனேன். இடுப்பு ஒசரத்துக்கு ஓதம். அடிக்கட்டு நோட்டெல்லாம் அப்பளமாட்ட நெளிஞ்சு கெடக்குது.

"மேஸ்திரி, நீங்க பாவுனதுதானுங்களா?"

"ஆமாங்க."

"சரி, டீ குடிக்கறீங்களா?"

திட்டித் தொலைச்சிருக்கலாமே இந்த மனுசன்! நாலு அடி அடிச்சிருந்தாலும் ஊட்டுக்கு வந்து சோறு தின்னிருப்பேன். "ரெண்டு மாமியா ஒண்ணா வந்தாப்புல இருக்குது உங்க மூஞ்சி"ங்கறா எம்பட ஊட்டுக்காரி நாச்சியம்மா. பாலுசாமி மேல பாதி கோவம், எம்மேல பாதி. இல்ல — எம்மேலதான் முக்கால்.

26.10.97 ஞாயிறு
யாரையும் கேக்கல. நிச்சயத்துக்குச் சொல்ல பாலுசாமி அண்ணன் ஊட்டாளுங்க எல்லாரும் சத்தியமங்கலம் போன நேரம், செவுத்தோரம் ரெண்டு வரிசைக் கல்லைப் பேத்தேன். தார் சீட்டு வெச்சேன். ஓடை எடுத்து ரோட்டுக்கு உட்டேன். சாயங்காலம் வந்து நின்னார்.

"எம்பட வாசலை யாரைக் கேட்டு அறுத்தே?"

"நான் போட்ட தப்புங்க. நானே எடுத்தேன்."

"உனக்குன்னு சொல்லிவெச்ச மாடி வேலைக்கு இனி நீ வராத."

"வாரேனுங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்புனேன், பழக்கத்துல. எனக்கே சிரிப்பு. பஸ் ஸ்டாப்புக்கு வரங்காட்டியும் மறுபடி கோவம்.

2.11.97
பாய் கடை அடிக்கட்டு நோட்டு பூராவும் பழைய பேப்பர்காரனுக்குப் போயிருச்சு.

17.11.97
மூணு நாளா மழை. நரசிம்மலு வந்தான். "தார் சீட்டை எவ்வளவு ஒசரம் ஏத்துனீங்கண்ணா?" பாலுசாமி ஊட்டு மேக்குச் செவுத்துக்கும் அதே மாதிரி ஓடை வேணுமாம். "செங்கோடன்கிட்டக் கேளு, நான் சொன்னேன்னு சொல்லாத"ன்னாராம். "ஒரு ஜாண் ஏத்து, உம்பட ஜாண் இல்ல, ஆம்பளை ஜாண்"னு சொல்லி அனுப்புனேன்.

அப்புறம் பாய் கடைக்கு நடந்தேன். செவுத்துல கை வெச்சேன். கறை அப்படியே இருக்குது, ஆனா காஞ்சிருக்குது. புது நோட்டு வந்து எறங்கியிருக்குது. செவுத்தை உட்டு ஒரு மொழம் தள்ளித்தான் அடுக்கியிருக்கார் பாய்.