பேரனுக்கு வந்த உதட்டுச் சாயல்

அன்பு மகன் தனசேகருக்கு, அப்பா எழுதுவது. கத்தாரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அம்மா அழுகிறாள், அதனால்தான் மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், யாரிடமாவது இந்தக் கடிதத்தைப் படம் எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்ப வேண்டும்.

உன் மகன் கொடைக்கானலில் பிறந்தபோது நன்றாகத்தான் அழுதான், எடையும் குறைவில்லை, உதடும் நகமும் மட்டும் கறுத்திருந்தன. நம் ஊர் அடுக்கத்திலிருந்து பார்க்க வந்த சனமெல்லாம் அப்படியே சோலைமலை ஒதடுல்ல என்று என்னைக் காட்டிச் சிரித்தது. உன் அம்மாகூட, கெழவன் சாயல் வந்து ஒட்டிக்கிருச்சே என்று சொல்லிக் கன்னத்தில் மை வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தேன், நீ போனில் யார் சாயல் என்று கேட்டபோதும் என் பேரைத்தான் சொன்னேன். என் உதடு பீடி குடித்துக் கறுத்தது, அது பேரனுக்கு எப்படி வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. மறுநாள் நர்ஸ் சத்தியபிரியா அவன் கையிலும் காலிலும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. இது சாயல் இல்லங்க, ரத்தத்துல ஆக்சிஜன் பத்தல, வெரசா மதுரைக்குக் கெளம்புங்க என்றார். மேகம் மூடிய மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் இறங்கியது, மருமகள் மேனகா தையல் வலியோடு வழி நெடுக அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இங்கே நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறி முளைத்திருக்கின்றன என்றார்கள், அபூர்வமாகத்தான் இப்படி வருமாம். நல்ல ரத்தம் உடம்புக்குப் போகாமல் நுரையீரலுக்கே திரும்பிவிடுகிறது. இது யார் செய்த தப்பும் இல்லம்மா என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியும் மேனகா காதில் ஏறவில்லை. இப்போதைக்கு மருந்து ஏற்றித் தாக்குப்பிடிக்க வைத்திருக்கிறார்கள், நாளைக் காலை ஆபரேஷன். பிழைத்துக்கொள்வானா என்று கேட்டேன், நம்புவோங்க என்றார். எனக்குப் பயமாக இருக்கிறதப்பா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

லீவு தரவில்லை என்று யாரிடமும் மல்லுக்கு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேரையும் அந்தப் பழனியாண்டவர் காக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மேனகாவிடம் பேசும்போது பிள்ளை யார் மாதிரி இருக்கிறான் என்று மறந்தும் கேட்டுவிடாதே. நாளைக்கு அவனை வெளியே கொண்டுவரும்போது என் சாயல் துளிகூட மிஞ்சி இருக்கக் கூடாது என்றுதான் நானே சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிகளுடன் உன் அப்பா,
சோலைமலை