ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அதீனா

எதிலும் கோணல் பார்க்கும் என் அருமை ரசமட்டத்துக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. அங்கேயாவது சுவரெல்லாம் நேராக இருக்கிறதா?

நூலகத்துக்குச் செய்த அதீனாவை, அந்தக் கிரேக்க அறிவுத் தெய்வத்தின் இரும்புச் சிலையை, நீங்கள் சொன்னபடி நிமிர்த்துவதற்காக நான் வெட்டவில்லை. ஒரு பக்கமாகவே வெல்டிங் வைத்ததில் தகடு இழுத்துக்கொண்டு இடுப்பு சாய்ந்தது என் தப்புதான். அதற்காக, "கோணலா ஒண்ணு இந்தப் பட்டறைய விட்டு வெளிய போனா, நான் உள்ள வரமாட்டேன்" என்று கத்துவதா?

நேற்று நூலகத்து அம்மா பழைய கிரேக்கச் சிலைப் புத்தகத்தோடு வந்தார். "பாருங்கக்கா, இவங்கல்லாம் ஒத்தக் கால்லதான் பாரத்தப் போட்டு நிக்கிறாங்க. உங்க அதீனாவும் அப்படியே நிக்கிறா!" என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனால் படம் பார்க்கத் தெரியும். அதில் ஒருத்திகூட உங்களைப் போல விறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசலில் நிறுத்துகிறோம். கிரேன்காரரிடம் சொல்லியாயிற்று. பீடத்தில் நட்டு முடுக்க இரண்டு பேர் வேண்டும். உங்கள் ஸ்பேனரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. வராவிட்டால் போங்கள், இரண்டு பக்கமும் நானே முடுக்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
வெட்டவே மாட்டாத உங்கள் பெண்டாட்டி