கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னேன்

ஜூலை 6, 2025, ஞாயிறு

வீடியோ ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிவிட்டது. காலையில் இவர்தான் போனை நீட்டிக் காட்டினார். கிரைண்டர் சத்தத்தில் முதலில் என் காதில் விழவில்லை. "ஒரு லட்சம் நீரஜா, ஒரு லட்சம்!" என்று கத்தினார். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாளில் நாற்பது பேர் என் பேச்சைக் கேட்டால் அதிகம். அந்த வேலை போனபோது, "கம்ப்யூட்டர் வாங்கறவாளுக்குத் தமிழ்ல நிதானமா சொல்ல ஆளே இல்லே. நீ சொல்லேன்" என்று சானல் ஆரம்பிக்க வைத்தது இவர்தான். வங்கி வேலை முடிந்து வந்து கேமரா பிடிப்பார், விளக்கு வைப்பார், என் முடி கலைந்திருந்தால் சொல்வார். ஸ்ரீவத்சன் என்று பெயர் சொல்லி ஒரு தடவையாவது வீடியோவில் நன்றி சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை.

இந்த வீடியோ தி.நகரின் ஒரு பெரிய கடை விற்கும் கேமிங் கம்ப்யூட்டரைப் பற்றியது. ஏற்கெனவே பாகங்களைப் பூட்டித் தயாராக வருவது, விலை குறைந்த ரகம். பரிசோதிக்க என்று கடையே ஒன்றை அனுப்பியது. பத்து நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். நல்ல பாகங்கள், சூடாகவில்லை, சத்தமில்லை. கடைசியில் கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த விலைக்கு இதைக் கண்ணை மூடிண்டு வாங்கலாம்."

ஜூலை 9, புதன்

முகம் தெரியாத யாரோ ஒருவர், "டீச்சர் மாதிரி சொல்றீங்க" என்று எழுதியிருக்கிறார். டீச்சர்தானே! நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணி வாங்கப் போனவள், அந்தக் கடை வாசலில் நின்றுவிட்டேன். ஆளுயரப் பலகையில் என் முகம்! கீழே, "நீரஜா மேடம் சொல்றாங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." என்னைக் கேட்கவே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

மத்தியானம் ஒரு போன். சானலில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு வந்தது.

"மேடம், நான் கொட்டிவாக்கத்துலேர்ந்து லூர்துசாமி பேசறேன். போட் வெச்சிகீறேன். எம் பொண்ணு அனு அனிமேஷன் படிக்குது. நீங்க கண்ண மூடிகினு வாங்கலாம்னு சொன்னீங்க. நானும் மூடிகினு வாங்கிட்டேன். இப்ப பொட்டி பத்து நிமிசம் ஓடுது, பட்டுனு அணைஞ்சி பூடுது."

கடையில் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். வீட்டு ஒயரிங் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரையும் மாற்றிவிட்டார். இன்னும் அணைகிறது. ஒன்றாம் தேதி காலேஜில் அவள் வேலையைக் கொடுத்தாக வேண்டும்.

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னமோ செய்கிறது.

ஜூலை 26, சனி

கொட்டிவாக்கம் போய்விட்டு வந்தோம். கடற்கரையிலிருந்து மூன்றாவது வீடு. கம்ப்யூட்டரை மாதா படத்துக்குக் கீழே, வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

அனுவுக்குப் பத்தொன்பது வயது. அதிகம் பேசவில்லை. தான் செய்த படத்தை ஓட்டிக் காட்டினாள். மணலில் ஒரு நண்டு வளையிலிருந்து வெளியே வந்து, சுற்றிப் பார்த்து, திரும்ப உள்ளே போகிறது. மொத்தம் நாற்பது நொடி. இரண்டு மாத வேலையாம். கடைசியில் அதை முழுப்படமாக மாற்றும்போதுதான் மெஷினுக்குப் பாரம் ஏறுகிறது, அணைந்துவிடுகிறது. நான் பார்க்கும்போதே அணைந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும், அதற்கு மேல் ஒட்டியிருக்கும் வாரண்டி சீட்டு கிழியும் என்றேன்.

"கிழிங்க மேடம். கடலுக்குப் போறவன் நானு. நடுவுல மோட்டார் நின்னுச்சுன்னா யாரையாவது திட்டிகினா ஒக்காந்துகினு இருக்க முடியும்? தொறந்து இன்னான்னு பாக்கணும்ல?" என்று படகு மோட்டாருக்கு வைத்திருந்த ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தார். டார்ச்சும் அவரே பிடித்தார்.

திறந்தேன்.

நான் பத்து நாள் ஓட்டிய மெஷின் இல்லை இது. வெளிப்பெட்டி அதே, முன்பக்கக் கண்ணாடி அதே, கலர் விளக்குகள் அதே. உள்ளே பவர் சப்ளை வேறு. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்பு டப்பா அது. எனக்கு வந்ததில் பெயர் தெரிந்த கம்பெனியுடையது இருந்தது. இதில் கேள்விப்படாத பெயர். ஐந்நூறு வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்த்தால், முக்கியமான லைனில் முந்நூறு வாட்கூடத் தேறவில்லை. மெமரி எனக்கு இரண்டு பட்டையாக வந்தது. இதில் ஒன்றுதான். காற்று இழுக்க ஒரே ஒரு விசிறி.

லூர்துசாமி என் முகத்திலேயே புரிந்துகொண்டார். "உங்களுக்கு வந்த பொட்டி வேற, எங்களுக்கு வந்த பொட்டி வேற. அப்டித்தானே மேடம்?"

ஆமாம் என்றேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். ஆறும்வரை எடுக்கவே முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சமைக்கக்கூடத் தோணலை. இவர் தயிர் சாதம் பிசைந்து கொடுத்தார். "நீ பாத்தது வேற, அவா வித்தது வேற. உன் தப்பு எங்கே இருக்கு?" என்கிறார்.

என் தப்புதான். கடை அனுப்பற பெட்டி நல்ல பெட்டியா பாத்துத்தான் அனுப்புவான்னு தெரியாதா எனக்கு? பதினாறு வருஷம் லேபுக்கு வாங்கின ஒவ்வொரு மெஷினையும் திறந்து பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன்? இதில் மட்டும் ஏன் கடையில் போய் நானே ஒண்ணு வாங்கலை? அந்தப் பொண்ணு சுவரைப் பாத்துண்டு நின்னாளே —

ஒரு லட்சம் பேர். எத்தனை பேர் வாங்கினாளோ.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. அதனால் இவர் பெயரில் நாங்களே ஒன்று வாங்கினோம். நான் கடைக்குள் போகவில்லை, வாசலில்தான் என் முகம் நிற்கிறதே. உள்ளே திறந்து காட்டுங்கள் என்று இவர் கேட்டாராம். "சீல் உடைச்சா வாரண்டி போயிடும் சார்" என்றானாம் விற்பனைப் பையன்.

வீட்டில் பிரித்தோம். அனு வீட்டில் பார்த்த அதே டப்பா. சமையலறைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோகூட இல்லை. நல்ல டப்பா இதைவிட நன்றாகக் கனக்கும்; என் பழைய வீடியோவில் இருப்பது வேறு என்று தெளிவாகத் தெரிகிறது.

சரி. இனி சந்தேகம் இல்லை.

ஜூலை 31, வியாழன்

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல பவர் சப்ளை ஒன்றும், கூடுதலாக ஒரு விசிறியும் வாங்கிக்கொண்டு காலையிலேயே கொட்டிவாக்கம் போய்விட்டேன். மாற்ற ஒரு மணி நேரம். பதினொரு மணிக்கு அனு வேலையை ஓட விட்டாள். பத்து நிமிஷம் தாண்டியது. இருபது. அரை மணி ஆனபோது அனு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றரைக்கு முடிந்தது.

எல்லோரும் உட்கார்ந்து நண்டைப் பார்த்தோம். லூர்துசாமி இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நண்டு இப்டியா கால வெக்கும்? முன்னங்கால் தூக்கிகினே கீது பாரு" என்றார்.

"நைனா! நாளைக்கு சப்மிட் பண்ணணும். பேசாம இரு."

வாசல் வரை வந்து அவர் சொன்னது: "நீங்க வருவீங்கன்னு நெனைக்கல மேடம்."

நன்றி சொல்ல வேண்டியது நான். கையை மட்டும் கூப்பினேன்.

ஆகஸ்ட் 2, சனி

பதிவு செய்தோம். எழுதி வைத்துக்கொண்டதை எல்லாம் விட்டுவிட்டு நேராகப் பேசினேன். நான் பார்த்தது இது, உங்களுக்கு வந்தது இது என்று பழைய வீடியோவையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பொடி எழுத்து எங்கே இருக்கிறது, எப்படிப் பெருக்கிப் பார்ப்பது என்று சொன்னேன். பிறகு, "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. என்னை நம்பி வாங்கியவர்கள் மன்னிக்கணும்" என்றேன். குரல் உடைந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். இவர் வேண்டாம் என்று கேமராவை அணைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"எவ்வளவு வாங்கினே?" என்று வீடியோவின் கீழே ஐம்பது பேராவது கேட்டிருக்கிறார்கள். கடையிடம் காசு வாங்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் நின்று அந்தப் பலகையை இரண்டாம் தடவை பார்த்தவள்தானே நான்?

தங்கள் மெஷினும் இப்படித்தான் அணைகிறது என்று பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். வேலூரிலிருந்து ஒருவர், "வீட்டு ஒயரிங்னு நெனச்சு ஒரு மாசம் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினேன். இப்பத்தான் நிம்மதி" என்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடையிலிருந்து வக்கீல் நோட்டீஸ். ஏழு நாளில் வீடியோவை எடுக்கணுமாம், இல்லேன்னா கோர்ட்டாம். இவர் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து அலமாரியில் வைத்து, "எடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளையோடு கெடு முடிகிறது. இன்று காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ. அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூன்று பெரிய பெட்டிகளோடு இறங்கினார்.

"நான் பொன்ராஜ்ம்மா. கடையில கம்ப்யூட்டர் செக்‌ஷன் என் பொறுப்பு. நோட்டீஸ் விட்டது ஆபீஸ்ல. எனக்கு அது தெரியாது. நீங்க சொல்லுதது நெசமான்னு நானே பாக்கணும்லா?"

பெட்டிகள் குடோனிலிருந்து நேராக வந்தவை. எதைத் திறப்பது என்று அவரே கை காட்டினார். முதல் பெட்டி பழைய இருப்பு. நல்ல பாகங்கள், எனக்கு வந்ததைப் போலவே. அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது பெட்டி ஜூன் மாதம் பூட்டியது. அந்த டப்பா. மூன்றாவதும் அதே.

இரண்டு பவர் சப்ளையையும் கையில் கொடுத்தேன். கூடத்துத் தரையில் உட்கார்ந்து, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க குடும்பம் ஜவுளிக் குடும்பம்மா. ஒரு சேலைய விரிச்சுக் காட்டாம, முந்தியத் தடவிப் பாக்க விடாம வித்தா எங்க ஐயா அடிச்சிருவாரு. இத மட்டும் பெட்டியோட தூக்கிக் குடுத்துட்டு இருந்திருக்கேன். ஒரு நாளாவது கையில எடுத்துப் பாத்தேனா?"

பூட்டித் தரும் காண்டிராக்டர் முதல் லாட்டுக்குப் பிறகு பாகத்தை மாற்றியிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பொன்ராஜ்தான். அதை அவரே சொன்னார்.

நானும் கண்டுபிடிக்கவில்லை சார் என்றேன்.

"நீங்க ஒத்துக்கிட்டியள்லா," என்றார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "வீடியோவ எடுத்துராதீங்க. மேல நான் பேசுதேன்."

காபி குடித்தார். சர்க்கரை வேண்டாம் என்று சொன்னார். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீடியோ இருக்கிறது. ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பொன்ராஜ் சார் போன். நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்களாம். மே மாதத்துக்குப் பிறகு அந்த மாடல் வாங்கிய எல்லோருக்கும் பவர் சப்ளை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். காண்டிராக்டரை நிறுத்தியாகிவிட்டது. மூன்று கூட்டம், இரண்டு சண்டை என்றார். அதில் அவர் என்ன பேசினார், எவ்வளவு திட்டு வாங்கினார் என்று சொல்லவில்லை. பலகையையும் எடுத்துவிட்டார்களாம்.

போனை வைத்தபின் இவரிடம் சொல்லப் போனேன். சொல்ல முடியாமல் அழுதேன். பாவம், ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து லூர்துசாமி போனில் கூப்பிட்டார். பாதி காதில் விழவில்லை. "உங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டேன் மேடம்" என்றது மட்டும் விழுந்தது. அனுவின் நண்டுக்கு வகுப்பில் நல்ல மார்க்காம்.

நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அவர் போன் செய்யாமல், வீடியோவின் கீழே ஒரு வரி திட்டி எழுதிவிட்டு விட்டிருந்தால்? நானும் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமல் என் வேலையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

லூர்துசாமியின் பக்கத்து வீட்டு ஏசுராஜ் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். நீங்களும் எங்களோடு கடைக்கு வாங்க என்று கூப்பிட்டார்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன். "அதுக்குத்தான உங்களாண்ட வரோம்" என்றார் லூர்துசாமி.

அனுவையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குத்தான் போனோம். மேஜை மேல் ஒவ்வொரு மாடலிலும் ஒன்று மூடியில்லாமல் திறந்து வைத்திருக்கிறார்கள். பொன்ராஜ் சார் தூரத்திலிருந்து தலையசைத்தார். ஏசுராஜ் ஒன்றைக் காட்டியதும், விற்பனைப் பையன் குடோனிலிருந்து சீல் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து, நாங்கள் கேட்காமலே மூடியைக் கழற்றி, பவர் சப்ளை பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அனு குனிந்து பொடி எழுத்தைப் படித்தாள். போனில் பெருக்கினாள். "இது ஓகே மாமா. ஆனா மெமரி ஒண்ணுதான் கீது, ரெண்டா போட்டுத் தரச் சொல்லுங்க" என்றாள் ஏசுராஜிடம். அவர் விற்பனைப் பையனிடம் கேட்டார். பையன் சரி என்று உள்ளே போனான். லூர்துசாமியும் குனிந்து, விசிறியை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார்.

என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லோருக்கும் காபி வாங்கி வரலாம் என்று வெளியே வந்தேன்.